முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி: பணம் எங்கே நின்றுபோகிறது, எப்படி வாங்குவது

என் அக்கா மகளுக்கு முதல் தவணை வந்தது, ரெண்டாவது வரவே இல்லை. குழந்தைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு, அட்டையில் எல்லாம் எழுதியிருக்கு, அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் "பேங்க்கில் கேளுங்க" என்றார்கள், பேங்க்கில் "எங்களுக்கு எதுவும் வரலை, அனுப்பின இடத்துல கேளுங்க" என்றார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ரெண்டு பஸ் மாறி நாலு முறை அலைந்தாள். கடைசியில் காரணம் என்னவென்று பார்த்தால், பிறந்த வீட்டில் இருந்தபோது போட்ட ஊசிகள் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. ஒரு பதிவு விட்டுப்போனதற்கு ஏழு மாதம். அந்தப் பணம் எதற்கென்றால், பால் கொடுக்கும் தாய் கூலி வேலைக்கு ஓடாமல் வீட்டில் இருந்து ஒழுங்காகச் சாப்பிடத்தான். குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

திட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாக, மீதி 4,000 ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. 2024 ஏப்ரலுக்குப் பிறகு பணம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நாலாவது மாதம் 6,000, குழந்தை பிறந்த நாலாவது மாதம் 6,000, ஒன்பதாவது மாதம் 2,000. மத்திய அரசின் மகப்பேறு உதவியான மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்ளேயே சேர்ந்துதான் வருகிறது, அது தனியாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், தாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் ரெண்டு பிரசவம், அரசு மருத்துவமனையில் பிரசவம். அவ்வளவுதான் விதி.

பிரச்சினை எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் பதிவு. பன்னிரண்டு வாரத்துக்குள் உங்கள் ஏரியா கிராம சுகாதார செவிலியரிடம் போய்ப் பதிந்து, 12 இலக்க ஆர்சிஎச் எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) வாங்கிவிட வேண்டும். பதிவு ஏறும் அரசு இணையதளத்தின் பெயரைச் சொல்லி பிக்மி நம்பர் என்பார்கள், ரெண்டும் ஒன்றுதான். நம்மூரில் மூணு மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்ற பழக்கம் இருக்கிறது, நர்சம்மாவிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இன்னும் பலர் தனியார் டாக்டரிடம் காட்டுகிறார்கள், ஸ்கேன் எல்லாம் அங்கேயே, பிரசவத்துக்கு மட்டும் ஜி.எச். போகலாம் என்று நினைத்து ஆறாவது மாதம்தான் பதியப் போகிறார்கள். அதற்குள் முதல் பெட்டகம், முதல் தவணை ரெண்டுக்குமான நேரம் போயிருக்கும். நீங்கள் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், நாள் தள்ளிப்போனது உறுதியான வாரமே அரசுப் பதிவைச் செய்துவிடுங்கள். ஒன்றுக்கொன்று தடை கிடையாது. நர்சம்மாவைப் பார்க்க முடியவில்லை என்றால் பிக்மி இணையதளத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். இந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாலும் நிறுத்தி வைப்பார்கள், அதனால் பணமே வேண்டாம் என்பவர்களும் இதைச் செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்து பேங்க் கணக்கு. பாதிப் பேருக்குப் பணம் நிற்பது இங்கேதான். கணக்கு தாயின் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். கணவர் கணக்கு, கணவருடன் கூட்டுக் கணக்கு, மாமியார் கணக்கு எதுவும் ஆகாது. கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த பழைய கணக்கைக் கொடுப்பவர்கள் முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், ரெண்டு வருடம் எதுவும் போட்டு எடுக்காமல் விட்டிருந்தால் முடக்கி வைத்திருப்பார்கள்.

அப்புறம் ஆதார். "ஆதார் இணைச்சாச்சு" என்று பேங்க்கில் சொல்வதை நம்பி வந்துவிடாதீர்கள். உங்கள் ஆதார் நகலை வாங்கிக் கணக்கில் ஏற்றுவது ஒரு வேலை. அரசுப் பணம் வந்து விழ வேண்டிய கணக்கு இதுதான் என்று, வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் தேசிய நிறுவனமான என்பிசிஐயின் பட்டியலில் குறிப்பது வேறு வேலை. கவுன்டரில் இருப்பவர் முதல் வேலையை முடித்துவிட்டு ஆச்சு என்பார். மாத்ரு வந்தனா பங்கு ஆதார் எண்ணைப் பிடித்துத்தான் வருகிறது, ரெண்டாவது வேலை நடக்காவிட்டால் அது வராது. "டிபிடி பணம் வர்றதுக்கு ஆதார் சீடிங் பண்ணணும்" என்று அப்படியே சொல்லிக் கேளுங்கள் (டிபிடி என்றால் அரசு நேராகக் கணக்கில் போடும் பணம், சீடிங் என்றால் மேலே சொன்ன ரெண்டாவது வேலை), படிவம் கொடுத்தால் முத்திரை வைத்த நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான் அந்தப் பட்டியலில் நிற்கும், கடைசியாக எதை இணைத்தீர்களோ அது. இடையில் வேறு எங்காவது கைரேகை வைத்து ஒரு கணக்கு திறந்திருந்தால் பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம், பல பேருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. ஆதார் இணையதளத்தில் உள்ளே போய் எந்த பேங்க் இணைந்திருக்கிறது என்று பார்க்க முடியும், மொபைல் எண் ஆதாரில் இருந்தால் ரெண்டு நிமிட வேலை. பேங்க்கில் இழுத்தடித்தால் தபால் அலுவலகத்தின் போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க்கில் புதுக் கணக்கு திறந்துவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கித் திறந்து தருவார், ஆதாரை அப்போதே இணைக்கச் சொல்லுங்கள். கணக்கு மாறியதை உடனே செவிலியரிடம் சொல்ல மறக்காதீர்கள், பழைய எண்ணே பதிவில் கிடந்தால் பயனில்லை.

இனிஷியல் சங்கதி நம்மூருக்கே உரிய தொல்லை. பாஸ்புக்கில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து. கல்யாணமானதும் ஆதாரில் பெயரை மாற்றிவிடு என்று வீட்டில் அவசரப்படுத்துவார்கள். கர்ப்பமாக இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். ஆதாரில் என்ன இருக்கிறதோ, எழுத்து பிசகாமல் அதையே ஆர்சிஎச் பதிவிலும் கொடுங்கள், பேங்க்கிலும் அதுவே இருக்கட்டும். மாற்ற வேண்டும் என்றால் கடைசித் தவணை வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இனி என் அக்கா மகளுக்கு நடந்தது. பதிவு புகுந்த வீட்டு ஊரில். ஏழாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ அம்மா வீட்டுக்குப் போகிறோம், பிரசவம் அங்கே, குழந்தைக்கு மூணாவது மாதமோ ஐந்தாவது மாதமோதான் திரும்பி வருகிறோம். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் என்று வரிசையாகப் போட வேண்டிய பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), போலியோ சொட்டு மருந்து எல்லாம் சரியாக இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. ரெண்டாவது தவணை இந்த ஊசிகளைப் பார்த்துத்தான் வருகிறது. அம்மா வீட்டு ஊர் செவிலியர் அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார், ஆர்சிஎச் எண்ணில் ஏற்றியிருக்க மாட்டார். புகுந்த ஊர் செவிலியருக்கு நீங்கள் ஊசி போட்டதே தெரியாது. இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, ஒரே செவிலியருக்கு எத்தனை கிராமம், எத்தனை பதிவேடு என்று பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு, ரெண்டு ஊருக்கு நடுவே ஒரு பதிவு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் வேலையைப் பிள்ளை பெற்றவள் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

அதனால் அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் செவிலியரிடம் சொல்லிவிட்டு, அவர் மொபைல் எண்ணையும் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே ஒவ்வொரு புதன்கிழமை ஊசி போடும்போதும் "ஆர்சிஎச் நம்பர்ல ஏத்திட்டீங்களா" என்று கேளுங்கள், அட்டையின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் புகுந்த ஊர் செவிலியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வலியில்லாத ஊசி என்று தனியாரில் போட்டாலும் இதே மாதிரி அட்டையைக் காட்டிப் பதிய வைக்க வேண்டும், அவர்களாக அனுப்புவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசிக்கும் இதே கதை, கடைசி 2,000 அதைப் பார்த்துத்தான். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. குழந்தையின் பெயர் முடிவாகவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள், பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு ஒரு வருடத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம்.

ரெண்டாவது குழந்தை ஆண் என்றால் பணம் கிடையாது என்று சில இடங்களில் திருப்பி அனுப்புகிறார்கள். அது தவறு. மத்திய அரசின் பங்குக்குத்தான் ரெண்டாவது குழந்தை பெண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. மாநிலத் திட்டம் முதல் ரெண்டு பிரசவத்துக்கும், எந்தக் குழந்தையாக இருந்தாலும்.

பெட்டகத்தை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், சத்து மாவு, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய் எல்லாம் உங்களுக்காகத்தான், அதற்கென்று யாருக்கும் பத்து ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. பிரசவ வார்டிலும் அப்படியே. சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம், குழந்தைக்கு ஒரு வயது வரை உடம்பு சரியில்லை என்றாலும் இலவசம். வீட்டுக்குத் திரும்ப 102 வண்டியும் இலவசம்.

போனில் கூப்பிட்டு "முத்துலட்சுமி பணம் வந்திருக்கு, க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க, ஓடிபி சொல்லுங்க" என்றால் உடனே வைத்துவிடுங்கள். உங்கள் பெயர், குழந்தை பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். பணம் வாங்க ஸ்கேன் பண்ணத் தேவையே இல்லை.

தவணை வர வேண்டிய மாதம் தாண்டி இன்னொரு மாதமும் போனால் சும்மா இருக்காதீர்கள். செவிலியரிடம் "பணம் வரலை" என்று மட்டும் கேட்டால் "வரும்மா" என்ற பதில்தான் கிடைக்கும். "பதிவு முடிஞ்சுதா, அனுப்பியாச்சா, பேங்க்ல திரும்பி வந்துருச்சா" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், திரையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே முடியவில்லை என்றால் வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம்: ஆர்சிஎச் எண், கணக்கு எண், எந்தத் தவணை, ஊசி போட்ட தேதிகள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104-லும் முதல்வர் உதவி மைய எண் 1100-லும் புகார் பதிந்து எண் வாங்குங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் அந்த நகலோடு மனு கொடுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போக வேண்டாம். கணவரோ அப்பாவோ உங்கள் கையெழுத்துப் போட்ட மனுவை எடுத்துக்கொண்டு போகட்டும், தாய் நேரில் வந்தால்தான் வாங்குவோம் என்று சொன்னால் அதையும் மனுவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.