கடைசி ஐந்து ஆட்டங்களின் கணக்கு

2020ஆம் ஆண்டு ஜூலையில், இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த பிரென்ட்ஃபோர்டு கால்பந்துக் கழகம் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்று, இங்கிலாந்தின் உயர்ந்த பிரிவான பிரீமியர் லீக்கின் வாசல்வரை வந்துவிட்டது. மீதமிருந்தவை இரண்டே ஆட்டங்கள். முதலாவதில் ஸ்டோக் சிட்டியிடம் 1-0 என்ற கணக்கில் தோற்றது. இரண்டாவதில், கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடாமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்த பார்ன்ஸ்லியிடம் கூடுதல் நேரத்தில் கோல் வாங்கி 2-1 என்று தோற்றது. அந்தக் கடைசி ஆட்டத்தில் மட்டும் வென்றிருந்தால் 84 புள்ளிகளுடன் நேரடியாக மேலே ஏறியிருக்கலாம். 83 புள்ளிகள் எடுத்த வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியனுக்கு அந்த இடம் போய்விட்டது. பதற்றத்தில் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் பெருந்தொற்றுக் காலமாதலால் அந்த ஆட்டங்கள் காலியான அரங்கங்களில் நடந்தன. வீரர்களை நடுங்க வைக்க அங்கே கூட்டமே இல்லை.

பருவத்தின் இறுதியில் ஒரு கழகம் தடுமாறும்போது அதற்கான காரணத்தை வீரர்களின் மனத்தில்தான் முதலில் தேடுகிறோம். மனத்துக்கும் அதில் பங்குண்டு என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் அந்தத் தடுமாற்றத்தின் பெரும்பகுதி கால்பந்து என்ற விளையாட்டின் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

கால்பந்தில் கோல்கள் அரிதானவை. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து அடிக்கும் கோல்கள் சராசரியாக இரண்டரையைச் சற்றே தாண்டும். இப்படி அரிதாகவும், ஏறக்குறைய ஒன்றையொன்று சாராமலும் நிகழும் நிகழ்வுகளை விவரிக்க, பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் டெனி பாய்சான் 1837இல் வெளியிட்ட பரவல், அதாவது ஒரு நிகழ்வு எத்தனை முறை நிகழ எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரம், பயன்படுகிறது. (அதே பரவலைக் கொண்டு 1898இல் போர்ட்கீவிச் என்பவர் பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையை ஆராய்ந்தார், குதிரை உதையும் கோலும் ஒரே சூத்திரத்துக்குள் வருவது புள்ளியியலின் வினோதங்களுள் ஒன்று.) ஒவ்வோர் அணிக்கும் ஒரு தாக்குதல் வலிமை, ஒரு தற்காப்பு வலிமை, அவற்றோடு சொந்த மைதானத்தின் அனுகூலம் என்று வைத்துக்கொண்டு கோல்களைக் கணிக்கும் முறையை மாஹர் 1982இல் முன்வைத்தார். குறைந்த கோல்கள் விழும் ஆட்டங்களுக்கு ஏற்ப அதைப் புள்ளியியலாளர்கள் டிக்சனும் கோல்ஸும் 1997இல் திருத்தினார்கள். இன்று ஊடகங்கள் வெளியிடும் 'மேலே ஏறும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு' என்ற கணிப்புகள் பலவற்றுக்கு அடியில் இந்த வகைக் கணக்குதான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை நாமே போட்டுப் பார்க்கலாம். சற்று வலிமையான ஓர் அணி சராசரியாக 1.5 கோலும், அதன் எதிரணி 1.1 கோலும் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாய்சான் பரவலின்படி அந்த அணி வெல்லும் வாய்ப்பு 46 விழுக்காடு, ஆட்டம் சமனில் முடியும் வாய்ப்பு 26 விழுக்காடு, தோற்கும் வாய்ப்பு 28 விழுக்காடு. வலிமையான அணியே பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் வெல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று என்ற விதிப்படி இந்த அணிக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.65 புள்ளி கிடைக்கும். இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு கழகமும் ஆடும் 46 ஆட்டங்களுக்கு அது ஏறக்குறைய 76 புள்ளி ஆகிறது. ஆனால் இந்தச் சராசரியைச் சுற்றியுள்ள சிதறல், அதாவது திட்டவிலக்கம், பருவம் முழுவதற்கும் 9 புள்ளியளவு வருகிறது. அணியின் திறமை துளியும் மாறாமலேயே ஓர் ஆண்டு 85 புள்ளியும் அடுத்த ஆண்டு 67 புள்ளியும் எடுப்பது இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கியது என்பதே இதன் பொருள். முதல் எண்ணைக் கண்டால் பயிற்சியாளருக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள். இரண்டாவதைக் கண்டால் பெரும்பாலும் வேறொருவரைத் தேடுவார்கள்.

இப்போது பருவத்தின் இறுதிக்கு வருவோம். ஐந்து ஆட்டங்கள் மீதமிருக்கும் நிலையில் நேரடித் தகுதிக்குரிய இரண்டாம் இடத்தில் இருக்கும் கழகம், மூன்றாம் இடத்தில் இருப்பதைவிட நான்கு புள்ளி முன்னால் இருக்கிறது. இரண்டும் சமவலிமை கொண்டவை. ஐந்து ஆட்டங்களில் ஒரு கழகத்தின் புள்ளிகள் சிதறும் அளவு ஏறக்குறைய 3. இரு கழகங்களின் புள்ளி வித்தியாசம் சிதறும் அளவு 4க்குச் சற்று மேல். முன்னிலையும் சிதறலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால், பின்னால் வரும் கழகம் முந்திவிடுவதற்கு ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பகடையின் ஒரு முகம் விழும் வாய்ப்புதான் அது. தூக்கத்தைக் கெடுக்க அதுவே போதும். துரத்துவது ஒரு கழகமாக இல்லாமல், அதே நான்கு புள்ளி பின்தங்கிய மூன்று கழகங்களாக இருந்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்றாவது முந்தும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாக உயர்ந்துவிடுகிறது. இவற்றுள் எந்தக் கணக்கிலும் பயம், நடுக்கம், அழுத்தம் என்று எதையும் நாம் சேர்க்கவில்லை. எல்லா வீரர்களும் இயந்திரங்களைப் போல ஒரே சீராக ஆடினாலும் மூன்று பருவங்களுக்கு ஒருமுறை இப்படியொரு 'சரிவு' நிகழத்தான் செய்யும். நிகழும்போது அதற்கொரு கதையும் பிறக்கும்.

இதோடு இன்னொரு நுட்பமும் சேர்கிறது. ஏப்ரலில் பட்டியலின் உச்சியில் இருக்கும் கழகம் திறமையான கழகமாக இருக்கலாம். ஆனால் அதுவரை அதிர்ஷ்டமும் கைகொடுத்த கழகமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதிர்ஷ்டம் அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்லக்கூடிய சொத்து அன்று. எனவே உச்சியில் இருப்பவர்கள் சராசரியாகச் சற்று இறங்கவே செய்வார்கள். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு விளக்கிய சராசரி நோக்கிய திரும்பல் இதுதான். ஓர் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு உள்ள மிகச் சிறந்த அணிக்குக்கூடக் குறிப்பிட்ட எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வெல்லும் வாய்ப்பு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே பிரென்ட்ஃபோர்டின் இரண்டு தோல்விகளுக்குக் காரணம் தேடுபவர்கள், அவற்றுக்கு முந்தைய எட்டு வெற்றிகளுக்கும் காரணம் கேட்டிருக்க வேண்டும். அதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

விதிகளும் பதற்றத்தை வளர்க்கின்றன. இங்கிலாந்தில் 1981 வரை வெற்றிக்கு இரண்டு புள்ளிதான். 1981-82 பருவத்தில் அது மூன்றாக்கப்பட்டது. 1994 உலகக் கோப்பையிலும் அதே முறை வந்தது. இந்த மாற்றம் கடைசி இருபது நிமிடங்களில் என்ன செய்கிறது என்பதையும் கணக்கிடலாம். ஆட்டம் சமனில் இருக்கிறது. எஞ்சிய நேரத்தில் நம் அணி 0.35 கோலும் எதிரணி 0.25 கோலும் அடிக்கும் வேகத்தில் ஆட்டம் போகிறது. அப்போது வெற்றி வாய்ப்பு 24 விழுக்காடு, தோல்வி வாய்ப்பு 16 விழுக்காடு. தற்காப்பைத் தளர்த்தி, இரு பக்கமும் கோல் விழும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் வெற்றி வாய்ப்பு 36 விழுக்காட்டையும் தோல்வி வாய்ப்பு 23 விழுக்காட்டையும் எட்டுகின்றன. பழைய முறையில் இந்தத் துணிச்சலால் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் 0.05 புள்ளி, புதிய முறையில் அது 0.17 புள்ளி. சமன் எந்தப் பயனும் தராத நிலையில், அதாவது வென்றே ஆகவேண்டிய கடைசி நாளில், ஆபத்தைப் பெருக்குவதுதான் அறிவான செயல். பார்வையாளருக்குக் குழப்பமாகவும் பதற்றமாகவும் தெரியும் இறுதி நிமிட ஆட்டம் பல சமயங்களில் சரியாகப் போடப்பட்ட கணக்கின் விளைவு.

சரி, மனத்தின் பங்குதான் என்ன? அதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க உதவும் தருணம் பெனால்டி. பந்து அசையாமல் இருக்கிறது, தூரம் மாறுவதில்லை, இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை. சாதாரணமாக நான்கில் மூன்று உதைகள் கோலாகின்றன. 2013 ஏப்ரல் 27 அன்று மூன்றாம் பிரிவான லீக் ஒன்னின் கடைசி நாளில், அதே பிரென்ட்ஃபோர்டுக்கு டான்காஸ்டர் ரோவர்ஸுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி கிடைத்தது. அது கோலாகியிருந்தால் பிரென்ட்ஃபோர்டு மேலே ஏறியிருக்கும். மார்செல்லோ ட்ரோட்டா உதைத்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. டான்காஸ்டர் வீரர்கள் அதை மறுமுனைக்குக் கொண்டுபோக, ஜேம்ஸ் காப்பிங்கர் கோல் அடித்தார். டான்காஸ்டர் மேலே ஏறியதோடு பட்டத்தையும் வென்றது. இரண்டு வாரம் கழித்து, மேலே ஏற எஞ்சியிருக்கும் ஓர் இடத்துக்கான போட்டியான சாம்பியன்ஷிப் பிளே-ஆஃபின் அரையிறுதியில் லெஸ்டர் சிட்டிக்குக் கிடைத்த பெனால்டியை வாட்ஃபோர்டு கோல்கீப்பர் அல்முனியா தடுத்து, திரும்பி வந்த பந்தையும் தடுக்க, அடுத்த சில நொடிகளில் மறுமுனையில் ட்ராய் டீனி கோல் அடித்து வாட்ஃபோர்டை இறுதிக்குக் கொண்டுபோனார்.

இத்தகைய நொடியில் உடலுக்குள் நடப்பவை நன்கு அறியப்பட்டவை. அட்ரினலின் சுரந்து இதயத்துடிப்பு உயர்கிறது, தசைகள் இறுகுகின்றன, கவனத்தின் வட்டம் குறுகுகிறது. ஓடுவதற்கும் மோதுவதற்கும் இது உதவக்கூடும். நுணுக்கமான செயலுக்கு ஊறு செய்யும். உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1984இல் எடுத்துக்காட்டியபடி, அழுத்தத்தில் மனிதர் தம் செயலைத் தாமே உற்றுக் கவனிக்கத் தொடங்குகிறார்கள். பல்லாயிரம் முறை பயின்று தன்னியக்கமாகிவிட்ட ஓர் அசைவைப் படிப்படியாகப் பிரித்துக் கண்காணிக்கும்போது அதன் ஒழுங்கு குலைகிறது. சியான் பைலாக்கும் தாமஸ் காரும் 2001இல் கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் சோதனைகளில் இதை உறுதிப்படுத்தினார்கள். கண்ணும் தடம் மாறுகிறது: பதற்றமுற்ற வீரர்கள் பெனால்டி உதைக்கும்போது கோல்கீப்பரையே முன்னதாகவும் அதிக நேரமும் பார்க்கிறார்கள் என்பதை வில்சன், உட், வைன் ஆகியோரின் 2009 ஆய்வு கண்விழி அசைவுகளைப் பதிவுசெய்து காட்டியது. பார்வை போன திசையிலேயே பந்தும் போவதால், அந்த உதைகள் கோல்கீப்பரின் கைக்கெட்டும் மையப் பகுதியை நோக்கியே சென்றன. ட்ரோட்டாவின் உதை இந்த வகையைச் சேர்ந்ததா என்று ஒரே ஓர் உதையை வைத்துத் தீர்ப்பளிக்க இயலாது. நான்கில் ஒன்று எப்படியும் தவறத்தான் செய்கிறது.

சொந்த மைதானத்துக்கும் இதில் பங்குண்டு. சொந்த மைதானத்தில் ஆடுவதற்கு முன் வீரர்களின் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டெரோன் அளவு உயர்ந்திருந்ததை நீவும் வுல்ஃப்சனும் 2003இல் பதிவுசெய்தார்கள். நடுவரும் தப்புவதில்லை: உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது ஸ்பானிய நடுவர்கள் அதிகமான கூடுதல் நேரத்தையும், முன்னிலையில் இருக்கும்போது குறைவான நேரத்தையும் அளித்தார்கள் என்பதை 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் அரங்கங்கள் காலியானபோது பல லீக்குகளில் உள்ளூர் அனுகூலம் குறைந்ததும் இதோடு பொருந்துகிறது. கூட்டத்தின் நிலைதான் பரிதாபம், ஏனெனில் வீரருக்கு ஓடவாவது முடியும். 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாள்களில் மியூனிக் வட்டாரத்தில் இதயம் சார்ந்த அவசர நிகழ்வுகள் 2.66 மடங்காக உயர்ந்தன என்பது 2008இல் வெளியான மருத்துவ ஆய்வின் முடிவு.

இவ்வளவுக்கும் மேல், இங்கிலாந்து 1986-87 பருவத்தில் பிளே-ஆஃப் என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு கழகங்கள் நேரடியாக ஏற, மூன்றாவது இடத்தில் முடிப்பது, ஒரு நீண்ட பருவத்தின் சான்றை ஒதுக்கிவைத்துவிட்டு மிகச் சில ஆட்டங்களின் முடிவுக்குத் தன்னை ஒப்படைப்பதாகிறது. அரையிறுதி இரு ஆட்டங்கள்; இறுதி, 1990 முதல், ஒரே ஆட்டம். மூன்றாம் இடக் கழகம் ஒவ்வொரு சுற்றையும் கடக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இரண்டு சுற்றுகளையும் கடந்து மேலே ஏறும் வாய்ப்பு 36 விழுக்காடுதான். 2024-25 பருவத்தில் லீட்ஸும் பர்ன்லியும் தலா 100 புள்ளியுடன் நேரடியாக ஏறின. 90 புள்ளி எடுத்த ஷெஃபீல்டு யுனைடெட், தன்னைவிட 14 புள்ளி குறைவாக எடுத்து நான்காம் இடத்தில் முடித்திருந்த சண்டர்லாண்டை வெம்ப்லி அரங்கில் நடந்த பிளே-ஆஃப் இறுதியில் சந்தித்தது. முன்னிலையும் பெற்றது. 76ஆவது நிமிடத்தில் சமன் செய்த சண்டர்லாண்டு, 95ஆவது நிமிடத்தில் டாம் வாட்சன் அடித்த கோலால் பிரீமியர் லீக்குக்குப் போய்ச் சேர்ந்தது. லீக் பருவத்தின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் அது வரிசையாகத் தோற்றிருந்தது.