உடைந்த தெர்மாமீட்டரில் எது ஆபத்து?

"காய்ச்சல் பார்க்கும்போது மகள் தெர்மாமீட்டரைக் கடித்துவிட்டாள், பாதரசத்தை விழுங்கியிருப்பாளோ?" என்று ஒரு வாசகி பதறிக் கேட்டிருக்கிறார். கண்ணாடிச் சில்லு வாயைக் கிழித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். விழுங்கிய பாதரசம் பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். குடல் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உறிஞ்சும். கவலை தரையில் சிதறியதைப் பற்றித்தான்.

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போகும் ஆவியில் சுமார் 80 சதவீதம் உடலில் தங்கிவிடுகிறது.

இதன் பிறகு நடப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. ஆவியிலுள்ள பாதரச அணுவுக்கு மின்சுமை கிடையாது. அதனால் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலத்தை எளிதில் கடக்கும். மூளையைக் காக்கும் இரத்தக்குழாய்ச் சுவரையும் கடக்கும். செல்லுக்குள் கேட்டலேஸ் என்றொரு நொதி இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்து நம்மைக் காப்பது அதன் வேலை. அந்த நொதியே பாதரச அணுவின் இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்துவிடுகிறது. மின்சுமை ஏறிய அயனியால் வந்த வழியே திரும்ப முடியாது. பறிக்குள் புகுந்த மீன்தான். புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். இரத்தச் சிவப்பணுக்களிலும் இதே மாற்றம் நடக்கிறது. ஆனால் நுரையீரலிலிருந்து மூளைக்கு இரத்தம் போய்ச்சேரச் சில நொடிகளே ஆகும். அதற்குள் மாறாத அணுக்கள் மூளையை எட்டிவிடுகின்றன. நாள்பட இதைச் சுவாசித்தால் கைநடுக்கம், தூக்கமின்மை, மறதி வரும்; சிறுநீரகமும் கெடும்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு அவ்வூரின் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய இரும்புக் கடையில் கிடந்தது அம்பலமான பிறகு. ஆலை நிறுவனத்துக்கும் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட ஊர்களில் காற்றையும் ஏரி மீனையும் ஆண்டுதோறும் அளக்க அரசு நிதி ஒதுக்கியே தீர வேண்டும். சித்தி என்னும் அதிசய சக்தி கிடைக்கும் என்று சொல்லி, பாதரசத்தை இறுக்கிச் செய்த ரசமணியை விற்பவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு. பாதரசத்தை வேறு உலோகத்தோடு சேர்த்து இறுக்கினாலும் ஆவி வெளிவரும். சூடாக்கினால் இன்னும் அதிகம்.

ஒரு தெர்மாமீட்டர் உடைந்தால் அஞ்ச வேண்டாம், உடனே சுத்தம் செய்தால் போதும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஏசியை நிறுத்தி, ஜன்னலைத் திறங்கள். தங்க மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ கூடாது, துளிகள் இன்னும் சிதறும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் பொடித்துளிகள் மின்னும். கெட்டி அட்டையால் ஒதுக்கி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் எடுத்து, இறுக மூடும் பாட்டிலில் போடுங்கள். சாக்கடையில் கொட்டாமல், வீட்டு அபாயக் கழிவென்று சொல்லித் தனியே கொடுங்கள்.