மீட்டரில் 12 வோல்ட் இருந்தும் ஹீட்டர் பிளக் சூடேறாதது ஏன்?

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. சிலிண்டருக்குள் காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தும்போது எழும் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஓடிச் சூடான எஞ்சினில் அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினில் அப்படி நடப்பதில்லை. செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, அழுத்தப்படும் காற்று பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கசிகிறது, மிஞ்சிய சூட்டையும் சில்லிட்ட சிலிண்டர் சுவர் உறிஞ்சிவிடுகிறது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குளோ பிளக். பட்டறைகளில் இதை ஹீட்டர் பிளக் என்பார்கள்.

பென்சில் போன்ற உலோகக் குழாய்க்குள் இரண்டு சுருள்கள் தொடராக இருக்கும். நுனியில் இருப்பது சூடாக்கும் சுருள். அதற்குப் பின்னால் இருப்பது கட்டுப்படுத்தும் சுருள். சூடு ஏற ஏற அதன் மின்தடை கூடும். சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் பிளக்கின் தடை ஏறக்குறைய 0.6 ஓம் என்றால், 12 வோல்ட்டில் முதல் நொடி 20 ஆம்பியர் பாயும். நுனி சிவந்து 850 முதல் 1000 டிகிரியை எட்டும்போது தடை இரட்டிப்பாகி, மின்னோட்டம் 8 முதல் 10 ஆம்பியருக்கு இறங்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் மொத்தமாக 80 ஆம்பியரில் தொடங்கி 40-க்கு வந்து நிற்கிறது. வண்டியில் செல்ஃப் மோட்டாரை விட்டால் இவ்வளவு மின்னோட்டம் இழுப்பவை மிகச் சில. பழுது கண்டுபிடிப்பதில் எல்லாமே இந்த எண்ணைச் சுற்றித்தான் வருகிறது.

மின்சாரம் போகும் வழி சிக்கலில்லாதது. பேட்டரி, 50 முதல் 80 ஆம்பியர் பட்டை பியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்), அங்கிருந்து பிளக்குகளின் தலைகளை இணைக்கும் பட்டை அல்லது தனித்தனி வயர்கள், பிளக்கின் உடல் வழியாக எஞ்சின் ஹெட், கடைசியாக எர்த். ரிலேயை இயக்குவது டைமரோ எஞ்சின் கணினியோ; எத்தனை நொடி என்பதைக் கூலன்ட் வெப்பநிலை சென்சார் சொல்லும். டாஷ்போர்டில் சுருள் வடிவில் எரியும் விளக்கை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு அணைவது கணக்கிட்ட நேரம் முடிந்ததால்தான், பிளக் சிவந்துவிட்டது என்பதால் அல்ல. நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் பழைய வண்டிகளில் அது வழக்கம்போல் எரிந்து அணையும்.

முதலில் அறிகுறியைச் சரியாகப் படிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செல்ஃப் நீண்ட நேரம் அடிக்க வேண்டியிருக்கிறது, பிடித்ததும் குலுங்குகிறது, எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வருகிறது, ஓரிரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது என்றால் பிளக் சர்க்யூட்டைச் சந்தேகிக்கலாம். சூடான எஞ்சினும் அதேபோல் அடம்பிடித்தால் காரணம் வேறு. டீசல் லைனில் காற்று, பம்ப், கம்ப்ரஷன் ஆகியவற்றைப் பாருங்கள். சிலிண்டரை ஒட்டிய சிறு முன்னறையில் டீசலைப் பீச்சும் பழைய எஞ்சின்களுக்கு மிதமான வெப்பநிலையிலும் பிளக் தேவை. நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் எஞ்சின்கள் வெதுவெதுப்பான காலத்தில் பிளக் இல்லாமலே ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால், அவற்றில் பழுது குளிர் வரும்வரை மறைந்தே கிடக்கும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கக் கூடாது. சிவந்த நுனியில் பட்டு ஈதர் நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனே உடையும்.

சோதனைக்கு, வயரை வெட்டாமலே அதில் பாயும் ஆம்பியரை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிளக்குகளுக்குப் போகும் தடித்த வயரை வளைத்துப் பிடித்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சாவியைத் திருப்புங்கள். எஞ்சின் சூடாக இருந்தால், பல பழைய வண்டிகளில் கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினாலே குளிர் என்று எண்ணி ரிலே இயங்கும். 40-இல் நிலைபெற வேண்டிய மின்னோட்டம் 30-இல் நின்றால் ஒரு பிளக் போயிருக்கிறது. 20 என்றால் இரண்டு. பூஜ்யம் என்றால் நான்கும் ஒரே நாளில் சாவது அரிது. பியூஸ், ரிலே, ரிலேக்கு வரும் கட்டளை ஆகியவற்றைப் பாருங்கள். கணக்குக்குச் சரியாகப் பொருந்தாமல் தொடக்கத்திலிருந்தே மொத்தமும் தாழ்ந்து கிடந்தால், வழியில் எங்கோ தடை இருக்கிறது.

வழியில் இருக்கும் இந்தத் தடைதான் அனுபவசாலிகளையும் ஏமாற்றும். பிளக்கின் வயரைக் கழற்றி அதன் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். உடனே சப்ளை சரி என்று முடிவு செய்து நல்ல பிளக்குகளை மாற்றிவிடுவார்கள். மல்டிமீட்டரின் உள்தடை சுமார் 1 கோடி ஓம். அது இழுப்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய ஓட்டத்துக்குக் கருகிய ரிலே முனையும் பச்சை பூத்த கனெக்டரும் தடையாகவே தெரியாது. அதே இடத்தில் வெறும் 0.05 ஓம் தடை இருக்கட்டும். 40 ஆம்பியர் பாயும்போது அங்கே 2 வோல்ட் காணாமல் போகிறது. பிளக்குக்கு 12-க்குப் பதில் 10 கிடைத்தால் இழப்பு ஆறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் சூடு வோல்ட்டேஜின் இருமடியைப் பொறுத்தது. ஏறத்தாழ 30 சதவீத சூடு போய்விடும். டெஸ்ட் லாம்பும் இதைக் காட்டிக்கொடுக்காது, அதுவும் சொற்ப மின்னோட்டத்தில் எரிவதுதான்.

ஆகவே வயரைக் கழற்றாமல், பிளக்குகள் சுமையில் இருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பு முனையைப் பிளக்கின் தலையிலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட்டேஜ். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட்டைத் தாண்டினால் வழியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். பியூஸின் இரு பக்கம், ரிலேயின் 30 (மின்சாரம் நுழையும் முனை), 87 (வெளியேறும் முனை), 87-இலிருந்து பிளக் வரை என ஒவ்வொன்றாக அளந்தால், எந்தத் துண்டில் எண் குதிக்கிறதோ அங்கேதான் பழுது. எர்த்தையும் இப்படியே பாருங்கள்: எஞ்சின் ஹெட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது.

ரிலே இயங்கவே இல்லையென்றால் அதன் உள்சுருளின் 85, 86 முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். சாவி போட்டதும் 12 வோல்ட் வந்தும் டிக் சத்தம் இல்லையென்றால் ரிலே பழுது. வோல்ட்டேஜே வராவிட்டால் டைமர், கணினி, அவற்றின் பியூஸ் எனப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பிளக்கைத் தனியாகச் சோதிக்கும்போது இணைப்புப் பட்டையைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் நான்கும் இணையாகச் சேர்ந்து, செத்த பிளக்கும் உயிரோடு இருப்பதுபோல் காட்டும். மீட்டர் வயர்களின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வரும் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழித்துக்கொள்ள வேண்டும். பழைய வகைப் பிளக்கில் 0.5 முதல் 1.5 ஓம் வரை வரலாம். நான்கும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பது முக்கியம். மீட்டர் எல்லையின்மையைக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

புதிய வண்டிகளில் இன்னொரு எச்சரிக்கை தேவை. அவற்றின் பிளக்குகள் 4.4, 5 அல்லது 7 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. கட்டுப்பாட்டு மாட்யூல் 12 வோல்ட்டைத் துடிப்பு துடிப்பாக வெட்டி அளவாகத் தருகிறது. இவற்றைப் பேட்டரியில் நேராகத் தொட்டு "சிவக்கிறதா பார்" என்று சோதித்தால் சில நொடிகளில் எரிந்துபோகும், பீங்கான் வகை விரிசல் விடும். உடலில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டேஜைப் படித்த பிறகே கை வையுங்கள். எஞ்சின் கணினியின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0671 முதல் பி0674 வரையான குறியீடுகள் 1 முதல் 4 வரையான சிலிண்டர்களைச் சுட்டும். பி0670 மாட்யூல் சர்க்யூட்டைச் சுட்டும். குறியீடு சொல்வது சர்க்யூட்டை மட்டுமே. அறுந்த வயருக்கும் செத்த பிளக்குக்கும் ஒரே குறியீடுதான் வரும்.

கழற்றும்போது அவசரம் பெரும் செலவில் முடியும். எஞ்சினைச் சூடாக்கி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, கொஞ்சம் தளர்த்திக் கொஞ்சம் இறுக்கி முன்னும் பின்னுமாக எடுக்க வேண்டும். எம்8 மரை (8 மில்லிமீட்டர் விட்டம்) பிளக் சுமார் 20 நியூட்டன் மீட்டரிலும் எம்10 சுமார் 35-லும் முறியும் அபாயம் உண்டு. முறிந்தால் ஹெட்டையே இறக்க நேரலாம். வெளியே வந்த நுனியை உற்றுப் பாருங்கள். வீங்கியிருந்தால் அதிக வோல்ட்டேஜ் அல்லது ஒட்டிக்கொண்டு ஆஃப் ஆகாத ரிலே காரணமாக இருக்கலாம். நுனி உருகி அரித்திருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் போடும் புதிய பிளக்கும் அதே வழியில் போகும். வயதாகி ஒன்று போனால் மற்றவையும் நெருங்கிக்கொண்டிருக்கும், செட்டாக மாற்றுவதே நல்லது. துளையில் இருக்கும் கரியைக் கிரீஸ் தடவிய ரீமரால் (துளையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கருவி) எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு மட்டும் முறுக்குங்கள். பொதுவாக எம்8-க்கு 10, எம்10-க்கு 15 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும்.

போட்டு முடித்ததும் கிளாம்ப் மீட்டரை மறுபடி வைத்து, தொடக்க ஆம்பியரையும் 20 நொடிக்குப் பின் வரும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்த இரண்டு எண்களே போதும்.