ஈக்கூட்டுக்குள் முட்டையிடும் குளவி

"அடுப்புச் சாம்பல் போட்டாச்சு, மருந்தும் அடிச்சாச்சு. மூணு வாரத்துல பழையபடி ஈ மொய்க்குது" என்று ஹட்டன் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் கோழிக்கூடு, ஏழெட்டு நாட்டுக்கோழிகள்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்பது பள்ளியில் படித்ததுதான். வெயில் ஊரில் பத்து நாளுக்குள் முடிகிற இந்தச் சுற்று, நுவரெலியாக் குளிரில் ஒரு மாதத்தைத் தாண்டும். அப்படியென்றால் மலையகத்தில் ஈ குறைவாக அல்லவா இருக்க வேண்டும்? கெடுப்பது ஈரம். புதுக் கோழி எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். ஈப்புழுவுக்கு அதுதான் தோது. ஈரம் பாதிக்குக் கீழே இறங்கினால் புழு பிழைப்பது கஷ்டம். தென்மேல் பருவமழைக் காலத்தில் கூட்டடி எங்கே காய்கிறது? கூரை ஒழுக்கை அடையுங்கள், தண்ணீர்ச் சட்டி சிந்தாமல் பாருங்கள், மரத்தூள் தூவுங்கள். இதெல்லாம் தெரிந்த சங்கதி.

பலர் பார்த்திராதது எச்சத்தின் ஓரத்தில் கிடக்கிறது. வளர்ந்து முடிந்த புழு ஈரத்தை விட்டு விலகி, கூட்டுக் கால்களின் அடியில் காய்ந்த இடமாகப் பார்த்து ஒதுங்கும். அங்கே குச்சியால் கிளறினால் நெல்மணி அளவில் செம்பழுப்பு உருளைகள் அகப்படும். புழுவின் கடைசித் தோலே இறுகி ஓடாகியிருக்கிறது. சில ஓடுகளில் ஒரு முனை முழுதாகப் பெயர்ந்திருக்கும்; ஈ போய்விட்டது. சிலவற்றில் ஒரு பொடித் துளை மட்டும். அதன் வழியே வந்தது ஈ அல்ல, குளவி.

குளவி என்றதும் கொழுந்து மலையில் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். இது அந்தச் சாதி இல்லை. ஸ்பலாஞ்சியா என்ற இந்தக் கறுப்புக் குளவி இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான், மனிதரைக் கொட்டாது. பெண் குளவி எச்சத்துக்குள்ளேயே புகுந்து தேடும். ஓடு தட்டுப்பட்டால் உணர்கொம்புகளால் தட்டித் தட்டிச் சோதிக்கும். பிறகு முட்டையிடும் ஊசியை இறக்கி ஓட்டைத் துளைக்கும். ஓட்டுக்கும் உள்ளே உருமாறிக்கொண்டிருக்கும் ஈக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. அதற்குள், ஈயின் உடம்பின் மேல் ஒரு முட்டையை வைக்கும். பொரித்த குளவிப்புழு ஈயை உறிஞ்சித் தீர்த்து, அதே ஓட்டுக்குள் தானும் உருமாறி, தாடையால் கடித்துத் துளைபோட்டு வெளியே வரும். சில நேரம் முட்டையிடாமல், துளையில் கசியும் சாற்றை மட்டும் குடித்துவிட்டு நடையைக் கட்டுவதும் உண்டு. அப்போதும் ஈ பிழைப்பது அரிது. இதைவிடக் கச்சிதமான பூச்சிமருந்தை நான் கண்டதில்லை.

குறை ஒன்றுதான்: குளவி வளர ஈயைவிடக் கூடுதல் நாள் பிடிக்கும். எச்சத்தின் மேல் மருந்தடித்தால் இரண்டும் சாகும். முதலில் திரும்பி வருவது ஈ. வாசகியின் கூட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1935-36இல் தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை அடக்க, மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இந்த மலைகளில் விட்டார்கள், புழு அடங்கியது. தேயிலைக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சம் தோட்டத்துச் சனத்தின் கோழிக்கூட்டுக்கும் காட்டக்கூடாதா? ஈக்குளவியை வளர்த்து விற்பது சில நாடுகளில் சாதாரண வியாபாரம். இங்கே பேராதனையில் அதற்கொரு சிறு ஆய்வகம் நடத்த ஆகும் செலவு பெரிதாக இருக்காது.

அதுவரை, மருந்தடித்தே தீரவேண்டுமென்றால் ஈ உட்காரும் சுவரோடு நிறுத்துங்கள். வாசலில் தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பை தொங்கவிடுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஈ அதன் மேலேயே உட்காரும். எச்சத்தை ஒரே நாளில் வழித்தெடுக்காமல், இந்த முறை ஒரு பக்கம், அடுத்த முறை மறுபக்கம் என்று அள்ளுங்கள். விட்ட பக்கத்தில் குளவி தங்கும். அள்ளிய எருவைக் குவித்துக் கறுப்புப் பொலித்தீனால் இறுக மூடிவிட்டால், குவியலின் சூட்டில் புழு நிலைக்காது.