ஜிபே பண்ணினால் கிடைக்கும் "சிறந்த பேராசிரியர்"

ஆசிரியர் தினம் நெருங்கினால் போதும், மதுரைக் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி வந்துவிடும். "வாழ்த்துகள்! சிறந்த பேராசிரியர் விருதுக்குத் தேர்வாகியுள்ளீர்கள். பதிவுக் கட்டணம் செலுத்தி உறுதி செய்யவும்." சான்றிதழ் மட்டும் என்றால் ஒரு ரேட், சால்வையும் ஷீல்டும் சேர்ந்தால் வேறு ரேட். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஏசி ஹாலில், ஒரே மத்தியானத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கொடுத்து முடிப்பார்கள். மறுநாள் அதன் ஜெராக்ஸ், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் 'நாக்' அமைப்புக்குக் கோப்பு தயாரிக்கும் ஐக்யூஏசி (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) மேஜைக்கு வரும்: "சார், நாக் ஃபைல்ல சேர்த்துக்கோங்க, யுனிவர்சிட்டி இன்டர்வியூவுக்கும் ஆகும்ல?"

ஆகாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறையை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் தெரிவு செய்யும் அட்டவணையில் விருதுக்கு இடம் உண்டு. சர்வதேச அமைப்புகள், மத்திய அரசு, மத்திய அரசு அங்கீகரித்த தேசிய அமைப்புகள் தந்தது என்றால் 3 மதிப்பெண். மாநில அரசு தந்தது என்றால் 2. அவ்வளவுதான். ஒரு டிரஸ்ட் தன் பெயரில் "இன்டர்நேஷனல்" என்று போட்டுக்கொண்டால் அது சர்வதேச அமைப்பு ஆகிவிடாது. சொசைட்டியாகப் பதிவு செய்திருக்கிறார்களே என்பீர்கள். பதிவு வேறு, அரசு அங்கீகாரம் வேறு. பதிவு எண் தெருமுனை நற்பணி மன்றத்துக்கும்தான் இருக்கிறது. "கௌரவ டாக்டர்" பட்டம் விற்பவர்களிடம் இன்னும் உஷார்: யுஜிசி சட்டம் 1956, பிரிவு 22-ன்படி பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனங்களுக்கும் மட்டுமே.

இத்தனைக்கும் கட்டணமில்லாத விருதுகள் இருக்கின்றன. தேசிய நல்லாசிரியர் விருது 2023 முதல் உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் (என்எஸ்எஸ்) தேசிய விருது 1993-94-லிருந்தே இருக்கிறது. இவற்றுக்கு நம் ஆட்கள் ஏன் போவதில்லை? பரிந்துரை எழுத யாரும் உட்காருவதில்லை. சக ஆசிரியருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால், சால்வையை விட்டுவிட்டு அவருக்காகப் பரிந்துரை எழுதுங்கள்.

முதலில் தகுதி விதியைப் படியுங்கள்: வயது வரம்பு, பணி ஆண்டு, கல்லூரி முதல்வர் பொறுப்பில் இருப்பவருக்கு இடம் உண்டா என்பதெல்லாம். அடுத்து அவரிடமே சொல்லிவிடுங்கள். ரகசியமாக அனுப்பி அசத்த நினைத்தால் ஆவணத்துக்கு எங்கே போவீர்கள்?

"அர்ப்பணிப்பு மிக்கவர், மாணவர்களின் நலனில் அக்கறை கொண்டவர்" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். எல்லாப் பரிந்துரையிலும் அதுதான் இருக்கிறது. என்எஸ்எஸ் விருதுக்கு என்றால், உசிலம்பட்டிப் பக்கம் தத்தெடுத்த ஊரில் 7 நாள் சிறப்பு முகாம், 50 தன்னார்வலர்கள், கண்மாய்க் கரையில் எத்தனை கன்று நட்டார்கள் என்று எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து அதில் எத்தனை நிற்கிறது என்ற வரிதான் கனமானது. நட்ட கணக்கு எல்லோரிடமும் இருக்கும். ஊராட்சித் தலைவரின் கடிதம், வருகைப் பதிவேடு, ஜியோடேக் போட்ட (எடுத்த இடம் பதிவான) படம் மூன்றும் வேண்டும். பேப்பர் கட்டிங் வைக்கிறவர்கள் செய்தியை மட்டும் வெட்டி, தேதியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தேதி இல்லாத கட்டிங் வெறும் காகிதம். ஆதரவுக் கடிதங்கள் மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் தேர்வுக் குழுவுக்குத் தெரியாதா, ஒரே கம்ப்யூட்டரில் அடித்தது என்று?

கல்லூரியே விருது கொடுப்பதாக இருந்தால், துறைவாரியாக முறை வைத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஜூனிலேயே அளவுகோலை அறிவியுங்கள், குழுவில் வெளியாள் ஒருவரைப் போடுங்கள். கௌரவ விரிவுரையாளர், லேப் அசிஸ்டென்ட், நூலகர் ஆகியோருக்கும் ஒரு பிரிவு இருக்கட்டும். நாக் குழு வரும் வாரம் ராத்திரி வரை ஸ்டாக் ரிஜிஸ்டர் சரிபார்ப்பது லேப் அசிஸ்டென்ட்தான். அப்புறம், சான்றிதழில் இனிஷியலை ஒரு தடவை விருது பெறுபவரிடமே காட்டிச் சரிபாருங்கள். பெயர் தப்பான ஷீல்டை வீட்டில் யார் வைப்பார்கள்?

பரிந்துரையைப் போர்ட்டலில் கடைசி நாள் ராத்திரி ஏற்றாதீர்கள். ஒப்புகைச் சீட்டைச் சேமித்து வையுங்கள். தேர்வாகவில்லையென்றால் கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம், அடுத்த வருடம் புதுத் தகவல் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.