பிடிவாதம் பிறவிக் குணமன்று

“அடித்தும் பார்த்தாயிற்று, கண்டுகொள்ளாமல் விட்டும் பார்த்தாயிற்று, எதற்கும் அசையவில்லை” என்றுதான் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். இந்த வாரமும் அதேதான். கைபேசி கேட்டு அழும் ஐந்து வயதுக் குழந்தையை இருபது நிமிடம் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டு, அவன் சுவரில் தலையை முட்டத் தொடங்கியதும் கைபேசியைக் கையில் கொடுத்துவிட்டு, “பிறவியிலேயே பிடிவாதக்காரன்” என்கிறார் தந்தை.

பிடிவாதம் என்பது நாம் ஒட்டும் முத்திரை. அதை எண்ணவும் முடியாது, மாற்றவும் முடியாது. கைபேசியை வாங்கி வைத்ததும் தரையில் புரண்டு அழுகிறான் என்பதுதான் நடத்தை. நிறைவளிக்கும் விளைவைப் பெறும் செயல் மீண்டும் நிகழும் என்பதை அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் 1898இல் கூண்டுப் பூனைகளைக் கொண்டு காட்டினார். அவருக்குப் பின் வந்த உளவியலாளர் ஸ்கின்னர் அதை விரித்தார். விளைவை மாற்றி நடத்தையை மாற்றும் ‘நடத்தை மாற்றம்’ என்ற முறையின் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் ஒரு தவறான எண்ணம் மட்டும் எத்தனை முறை விளக்கினாலும் போவதில்லை. நடத்தையைக் குறைக்கும் தண்டனை எது, அதைக் கூட்டும் வலுவூட்டல் எது என்பதைக் கொடுப்பவரின் நோக்கம் தீர்மானிப்பதில்லை. அதன்பின் அந்த நடத்தை கூடியதா, குறைந்ததா என்பதே தீர்மானிக்கிறது. நாள் முழுதும் நிமிர்ந்து பார்க்காத தாய், பொருளை எறிந்தால் மட்டும் ஓடி வந்து திட்டினால், அந்தத் திட்டு குழந்தைக்குப் பரிசாகவே அமையக்கூடும். அந்தத் தந்தையின் வீட்டிலோ பாடம் இருபுறமும் நடக்கிறது: அழுதால் கைபேசி கிடைக்கும் என்று மகன் கற்கிறான், கொடுத்தால் அலறல் நிற்கும் என்று தந்தை கற்கிறார். தொல்லை விலகுவதால் ஒரு செயல் வலுப்பெறுவதைத்தான் எதிர்மறை வலுவூட்டல் என்கிறோம். இதைத் தண்டனையோடு குழப்பிக்கொள்பவர்களில், சொல்லவே சங்கடமாக இருக்கிறது, பயிற்சி பெற்றவர்களும் உண்டு.

வழக்கமாகக் கிடைத்துவந்தது நின்றவுடன் நடத்தை பல நேரங்களில் முதலில் தீவிரமடைந்து, பிறகே தணியும். அந்த உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், முன்னைவிடப் பெரிய அழுகையைத்தான் வளர்க்கிறோம். ஒரு நாள் மறுத்து மறுநாள் கொடுப்பதும் அப்படியே; எப்போதாவது மட்டும் பலன் தரும் நடத்தை எளிதில் மறையாது. கடைசிவரை தாங்க முடியாதென்றால், தயவுசெய்து முதல் நிமிடத்திலேயே, அழுகை தொடங்குமுன்பே, கொடுத்துவிடுங்கள். கேட்கும் முறையைக் கற்றுக்கொடுத்து, அப்படிக் கேட்டவுடன் கொடுப்பது அதைவிட நல்லது.

உடனே பரிசுகளை வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். விருப்பத்தோடு படம் வரைந்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்ததென்று 1973இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

தலையை முட்டுவது, தன்னைக் கடித்துக்கொள்வது போன்றவற்றை ஒருபோதும் “கண்டுகொள்ளாமல்” விடாதீர்கள். முதலில் காயம்படாமல் தடுங்கள். காதுவலியோ பேச்சுத் தாமதமோ காரணமா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். வலியில் துடிக்கும் குழந்தையை நடத்தை மாற்றம் என்ற பெயரில் அழவிடுவது கொடுமை. மற்றவற்றுக்கு, எங்களிடம் வருமுன் ஒரு வாரம் குறித்துவையுங்கள்: எப்போது நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். மூன்றாவதை மறைக்காமல் எழுதுங்கள். பெரும்பாலும் அந்தத் தாளில் அதுதான் வெறுமையாக இருக்கிறது.