கடலில் யாருக்கும் வழியுரிமை கிடையாது

சென்ற மாதம், என்னிடம் பயின்று படகோட்டும் உரிமம் பெற்ற ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். குடும்பத்தோடு லாசரஸ் தீவுக்குப் போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பும் வழியில் இன்னொரு விசைப்படகு மோதியிருக்கிறது. பத்து வயது மகனுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

“அவன் எனக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தான் சார். அவன்தானே விலக வேண்டும்? உரிமை எனக்குத்தானே?”

அவனை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். வெகு தொலைவிலேயே பார்த்துவிட்டாராம். விலகுவான் என்று காத்திருந்தாராம்.

இந்த ஆண்டில் இதே கதையை நான் கேட்பது மூன்றாம் முறை. பொறுமை போய்விட்டது; அதனால்தான் எழுதுகிறேன்.

சாலையில் பழகிய ‘வழியுரிமை’யைக் கையோடு கடலுக்குக் கொண்டுவருகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 1972இல் ஏற்கப்பட்டு 1977இல் நடப்புக்கு வந்த பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகள், நெருங்கிவரும் இரண்டு படகுகளுக்குமே வேலை கொடுக்கின்றன. ஒன்று விலக வேண்டும். மற்றது திசையையும் வேகத்தையும் மாற்றாமல் வர வேண்டும். மாற்றாமல் வருவதும் ஒரு கடமைதான். நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று தெரிந்தால்தான் எதிராளி ஒழுங்காக விலக முடியும்.

அந்தக் கடமைக்கும் ஒரு முடிவு உண்டு. 17ஆம் விதியைத் தேர்வுக்கு முந்தைய இரவு மனப்பாடம் செய்பவர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரிகளைப் படியுங்கள். விலக வேண்டியவர் விலகவில்லை என்று தெரிந்ததுமே நீங்கள் விலகலாம். அவர் ஒருவரின் செயலால் மட்டும் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நெருக்கம் வந்துவிட்டால், நீங்கள் விலகியே ஆக வேண்டும். அதன் பிறகும் நேராக வந்து மோதினால் நீங்களும் விதியை மீறியவர்தான். என் மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்படி விலகும்போது, இடப்பக்கத்திலிருந்து வரும் படகுக்காக இடப்பக்கம் திருப்பாதீர்கள். அவர் கடைசி நொடியில் விழித்துக்கொண்டு வலப்பக்கம் திருப்பினால் இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பீர்கள். வேகத்தைக் குறையுங்கள், அல்லது வலப்பக்கம் தெளிவாகத் திருப்புங்கள். ஐந்து பாகை, ஐந்து பாகையாகத் திருப்பினால் எதிராளிக்கு அது தெரியவே தெரியாது. ஹாரனை ஐந்து முறை சுருக்கமாக அடியுங்கள். ‘நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை’ என்று அதற்குப் பொருள். ஹாரன் அடிப்பதை மரியாதைக் குறைவாக நினைத்துத் தயங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடியுங்கள்.

மற்ற விதிகள் எளியவை. நேருக்கு நேர் வந்தால் இரு விசைப்படகுகளும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், தன் வலப்பக்கத்தில் மற்றதைக் காண்பவர் விலக வேண்டும். முந்துபவர் யாராக இருந்தாலும் விலக வேண்டும். பாய்மரப் படகு விசைப்படகை முந்தினாலும் விலக வேண்டியது பாய்மரப் படகுதான். இரவில் குறுக்கே வருபவரின் இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கு தெரிந்தால் விலக வேண்டியவர் நீங்கள்.

பெருங்கப்பல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் நீரிணையில் கப்பல்களுக்கு ஒருவழிப் பாதைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 20 மீட்டருக்குக் குறைந்த படகும், எந்த நீளமுள்ள பாய்மரப் படகும் அந்தப் பாதையில் செல்லும் விசைக்கப்பலுக்கு இடையூறாக இருக்கக் கூடாது. “நான் அவருக்கு வலப்பக்கம்” என்ற வாதத்தை அங்கே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கப்பல் முகப்புக்கு முன்னால் 500 மீட்டர் வரை கடற்பரப்பு மாலுமியின் கண்ணுக்கு மறைந்திருக்கலாம் என்று பன்னாட்டு விதியே இடம் கொடுக்கிறது. அந்த 500 மீட்டருக்குள் நுழைந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் போன வருடம் பார்த்தேன். என் படகிலிருந்து கத்தினேன். அவர்கள் கையசைத்தார்கள். இன்றும் நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது.

மோதல் வருமா என்பதை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். உங்கள் திசை மாறாதிருக்க, எதிர்ப் படகு உங்கள் படகின் ஒரு கம்பிக்கு நேராகவே நின்றுகொண்டு பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் வரும். உட்கார்ந்த இடத்திலிருந்து தலையை அசைக்காமல் பாருங்கள்.

20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் படகு ஒரு விநாடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறது. கைப்பேசியை ஐந்து விநாடி பார்த்தால் ஐம்பது மீட்டரைக் கண் மூடிக் கடந்திருக்கிறீர்கள். என் மாணவரின் படகை மோதியவர் செய்தது அதைத்தான்.

ஓட்டும்போது கைப்பேசியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்பில் மாட்டாமல் எஞ்சினைத் தொடாதீர்கள். உயிர்காப்பு உடையைக் குழந்தைகளுக்குப் படகுத்துறையிலேயே போட்டுவிடுங்கள். கூட வருபவர்களில் ஒருவரை, அரட்டையிலிருந்து விலக்கி, பின்பக்கமும் இடப்பக்கமும் பார்க்கும் வேலைக்கு அமர்த்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். களைத்த கண் எதையும் பார்க்காது.